வாசல் கோலமும் முழங்கால் வலியும்

மார்கழி விடியலில் புதுச்சேரியின் உழவர்கரை உள்தெருக்களில் நடந்தால், இருட்டு கலையும் முன்பே வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் குனிந்து புள்ளி வைக்கிறார். குந்தி உட்கார்ந்து இழை இழுக்கிறார். நகர்ந்து நகர்ந்து வண்ணம் நிரப்புகிறார். அரை மணி நேரத்தில் வாசலை அடைத்துக்கொண்டு பெரிய கோலம் விரிந்துவிடுகிறது. சிரமம் அதற்குப் பிறகுதான். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறு கையால் படிக்கட்டின் விளிம்பைப் பிடித்து, "அம்மாடி" என்று மெல்ல எழுகிறார். முதல் நாலைந்து அடியைத் தாங்கித் தாங்கி வைக்கிறார். வாசற்படி ஏறி அடுப்படிக்குப் போவதற்குள் கால் பழைய நடைக்கு வந்துவிடுகிறது.

அந்த நாலைந்து அடியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வயசாச்சு, ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் மூட்டு எப்படி வேலை செய்கிறது, எதைச் செய்தால் வலி தணியும் என்பதற்கான விடை அந்தச் சில அடிகளில்தான் இருக்கிறது.

இந்தியாவில் 5 இடங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்து 2016-ல் வெளியான ஆய்வு, அவர்களில் 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருப்பதாகச் சொன்னது. உலக அளவில் 2020-ல் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தவர்கள் 59.5 கோடிப் பேர். 2050-க்குள் இது 100 கோடியை நெருங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுமார் 3 லட்சம் பேர் வாழும் உழவர்கரை நகராட்சியில் முழங்கால் வலிக்காரர் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது கடினம்.

பிழிந்தால் ஊறும் பஞ்சு

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முழங்காலில் சந்திக்கும் முனைகளில் வழவழப்பான ஓர் உறை போர்த்தியிருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் பெரும்பங்கு தண்ணீர். ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் எட்டாத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? முட்டை வெள்ளைக்கருவைப் போல மூட்டுக்குள் இருக்கும் உயவுநீர்தான் அதற்கு ஊட்டம் கொண்டுவருகிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து தள்ளுகிறது. காலைத் தூக்கும்போது விரிந்து புது நீரை உறிஞ்சுகிறது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சைத் தண்ணீருக்குள் பிழிந்து விட்டால் என்ன நடக்குமோ அதேதான். நடக்கும் ஒவ்வோர் அடியும் அதற்கு ஒரு கவளம்.

இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டும், அரை மணி நேரம் மடங்கியே இருந்த மூட்டும் முதலில் இறுகி நின்று, நாலு அடி நடந்ததும் இளகுவது அதனால்தான்.

குருத்தெலும்புக்கு நரம்பில்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது? அதற்கு அடியில் உள்ள எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும், தசைநார்களிலிருந்தும் வருகிறது. எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் பளிச்சென்று தெரியும் ஒருவர் வலியே இல்லாமல் நடப்பதும், படத்தில் ஒன்றும் தெரியாத இன்னொருவர் மாடி ஏற முடியாமல் தவிப்பதும் இதன் காரணமாகவே. படத்தைப் பார்த்துப் பயந்து கட்டிலில் படுத்துக்கொள்கிறவர்கள், மூட்டுக்குக் கிடைத்துவந்த கவளத்தையும் நிறுத்திவிடுகிறார்கள்.

குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது என்று 1743-ல் லண்டனில் எழுதினார் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர். தேய்ந்ததைப் பழையபடி வளர்த்துத் தரும் மாத்திரை இன்றைக்கும் கடைகளில் இல்லை. ஆனால் மூட்டைத் தாங்கும் தசை, மூட்டு சுமக்கும் எடை, மூட்டைப் பயன்படுத்தும் விதம் ஆகிய மூன்றும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வயதுதான் காரணமா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாலஸ், டேனியல் லீபர்மன் குழுவினர் அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளின் முழங்கால்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் பல ஆயிரம் ஆண்டுப் பழமையானவையும் உண்டு, தொழிற்புரட்சிக் காலத்தவையும் உண்டு, அண்மைக் காலத்தவையும் உண்டு. 2017-ல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு முழங்கால் தேய்மானம் இரு மடங்காகியிருந்தது. ஆயுள் கூடியதையும் உடல் எடை கூடியதையும் கணக்கிலிருந்து கழித்த பிறகும் அந்த இரு மடங்கு அப்படியே நின்றது. அசைவு குறைந்த வாழ்க்கைமுறைக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஒரு படிக்கு எத்தனை கிலோ?

பெர்லினில் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட 5 பேரின் செயற்கை மூட்டுக்குள் எடையை அளக்கும் கருவியைப் பொருத்தி, அன்றாட வேலைகளைச் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அந்த அளவுகளின்படி, சமதளத்தில் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்குவது உடல் எடையைப் போல 2.6 மடங்கு. மாடிப்படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. நாற்காலியிலிருந்து எழும்போது ஏறக்குறைய 2.5 மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் துணி காயப்போட்டுவிட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் அவருடைய முழங்கால் 200 கிலோவுக்கு மேல் தாங்குகிறது.

"ஏறுறது கூடப் பரவாயில்ல, இறங்குறதுதான் உயிர் போகுது" என்று முழங்கால் வலிக்காரர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை, கருவி அளந்து காட்டிய உண்மை.

இதிலிருந்து சில பழக்கங்கள் தாமாகவே கிடைக்கின்றன. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்க வெட்கப்பட வேண்டாம். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கலாம். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்கலாம். ஒரு பெரிய வாளித் துணியை ஒரே தடவையில் தூக்குவதைவிட இரண்டு சிறு வாளிகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கைத்தடி பிடிப்பவர்கள் வலிக்கும் காலின் பக்கம் பிடிப்பதைப் பார்க்கிறோம். எதிர்க்கையில் பிடித்தால்தான் அந்தக் காலின் பாரம் குறையும்.

உடல் எடையைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் மெசியர் 2005-ல் ஒரு கணக்கு கொடுத்தார். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ பாரம் குறைகிறது. ஒரு கிலோமீட்டர் நடக்க ஒரு கால் ஏறத்தாழ 700 முறை ஊன்றுகிறது என்று வைத்துக்கொண்டால், குறைந்த ஒரே ஒரு கிலோ அந்தத் தூரத்துக்குள் இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட பாரத்தை அந்த முழங்காலிலிருந்து இறக்கிவைக்கிறது. பத்து கிலோ குறைத்தால்தான் பலன் என்று மலைத்துப்போய் உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. மாலைத் தேநீரில் சர்க்கரையையும், இரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டிச் சோற்றையும் விட்டுவிடுவதிலிருந்து தொடங்கலாம்.

குந்தி உட்காரலாமா?

நாற்று நட்டதும் களை பறித்ததும் குந்தித்தான். அரிவாள்மனையில் காய் நறுக்கியதும், அம்மியில் அரைத்ததும், பந்தியில் சாப்பிட்டதும் தரையில்தான். பெயரிலேயே உழவரைச் சுமக்கும் ஊருக்குக் குந்துவது புதிதல்ல. அப்படியிருக்க, மூட்டு வலி வந்ததும் "கீழேயே உட்காராதீங்க" என்று மருத்துவர் சொன்னால் பாதி வாழ்க்கையே போய்விட்டதுபோல் இருக்கிறது.

பெய்ஜிங்கில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதற்கு நிதானமான விடை தருகிறது. அங்கும் குந்தும் பழக்கம் பரவலாக உண்டு. இருபத்தைந்து வயதில் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் குந்தியவர்களுக்கு, அரை மணி நேரத்துக்கும் குறைவாகக் குந்தியவர்களைவிட முழங்கால் தேய்மானம் ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது. அதே நகரத்தவரிடம் இடுப்பு மூட்டுத் தேய்மானமோ அமெரிக்கர்களைவிட மிகமிகக் குறைவு. குந்துவதையே முழுக் குற்றவாளியாக்க முடியாது. எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு.

வலியில்லாத கால் தரையில் உட்கார்ந்து எழுவதால் கெட்டுவிடாது. வலி தொடங்கிவிட்டால், நீண்ட நேரம் ஆழமாக மடக்கி வைத்திருக்கும் வேலைகளை மட்டும் மேலே தூக்கிக்கொள்ளலாம். அரிவாள்மனைக்குப் பதில் மேசையும் கத்தியும். கழிவறையில் உயரமான இருக்கை. பூஜையறையில் ஒரு முக்காலி. அடுப்படியில் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பதும் மூட்டுக்குப் பட்டினிதான், பிழிவும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. குழம்பு கொதிக்கும்வரை கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துவிட்டு வரலாம்.

தொடைதான் தூண்

முழங்காலுக்கு முதல் காவல் தொடையின் முன்பக்கத் தசை. அது வலுவாக இருந்தால் அடி வைக்கும் அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். வலிக்கிறது என்று காலைப் பயன்படுத்தாமல் விட்டால் அந்தத் தசை மெலியும், மெலிந்தால் பாரம் மூட்டுக்கே போகும், வலி கூடும், கால் இன்னும் சும்மா கிடக்கும். இந்தச் சுழலை உடைக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நாற்காலி போதும்.

சுவரோரம் போட்ட, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும். முப்பது விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 60 முதல் 64 வயதுள்ள பெண்ணுக்கு 12-க்கும், அதே வயது ஆணுக்கு 14-க்கும் குறைந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். முதலில் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றாலும் குற்றமில்லை, அங்கிருந்தே தொடங்கலாம். இன்னொரு பயிற்சி, தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளைக்கு ஏற்றது. உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை.

டென்மார்க்கில் 2013-ல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் 'கிளாட்' என்ற திட்டம் இந்த வழியில்தான் இயங்குகிறது. மூட்டைப் பற்றிய பாடம், அதோடு 6 வாரங்களில் 12 முறை பயிற்சி, அவ்வளவுதான். உடற்பயிற்சி வலியை முழுவதும் துடைத்துவிடாது, ஓரளவு குறைக்கும். நிற்கவும் நடக்கவும் படியேறவும் தெம்பு தரும்.

நடைக்கு இங்கே இடப் பஞ்சம் இல்லை. லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் காலையில் நடப்பவர்கள் உண்டு. மாலையில் வண்டிகளை விடாத கடற்கரைச் சாலையும் பக்கம்தான். பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாத ஊர் என்பதால் சைக்கிளும் நல்ல துணை. இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தி, மிதி கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராகும்படி வைத்துக்கொண்டால் முழங்கால் அதிகம் மடங்காது. எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு மறுநாள் காலைதான் அளவுகோல். நடக்கும்போது கொஞ்சம் வலித்து, மறுநாளுக்குள் அடங்கிவிட்டால் சரி. மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ வீங்கினாலோ தூரத்தைக் குறைக்க வேண்டும்.

சொடக்கு, கீரை, மாத்திரை

விரலில் சொடக்கு போட்டால் மூட்டு தேயும் என்ற பயம் ஊரெங்கும் உண்டு. டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகளாகத் தம் இடக்கை விரல்களுக்கு மட்டும் தினமும் சொடக்கு போட்டு, வலக்கையை விட்டுவைத்தார். 1998-ல் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு எழுதினார், வித்தியாசமே இல்லை. சொடக்கின்போது மூட்டு நீருக்குள் வாயுக்குழி ஒன்று திடீரென உருவாவதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழுவினர் 2015-ல் எம்.ஆர்.ஐ. கருவியில் படமாகவே பிடித்தார்கள். முழங்கால் 'கடக்'கென்று சத்தம் போட்டாலும், வலியோ வீக்கமோ இல்லாதவரை கவலை வேண்டாம்.

மழைக்காலத்தில் வலி கூடுகிறது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 2016-ல் தொடங்கி 2,600-க்கும் மேற்பட்டோர் தங்கள் வலியை அன்றாடம் கைப்பேசியில் பதிந்து வந்தார்கள். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் வலி கூடியது, ஆனால் சிறிதளவுதான். மழையைக் காரணம் காட்டி நடையை நிறுத்துவது, மழை செய்யாத கெடுதலைச் செய்துவிடும்.

முடக்கத்தான் கீரைக்குப் பெயரிலேயே மருந்து இருக்கிறது. 'முடக்கு அறுத்தான்' மருவி முடக்கத்தான் ஆயிற்று என்பார்கள். தோசை மாவில் அரைத்துச் சேர்த்தால் மணமும் ருசியும் உண்டு. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் தசையை இளக்கி, நடக்க மனசு வரச் செய்கின்றன. அந்த அளவில் அவை நல்ல துணை.

பயப்பட வேண்டியவை வேறு. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள்தாம் அவை. டைக்ளோபினாக் அவற்றில் பெயர்போனது. அந்த மருந்து ஏற்றப்பட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததை 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தருவதை இந்தியா தடை செய்தது. மனித உடல் கழுகைவிட நன்றாகத் தாங்கும். ஆனாலும் முதியவர்களுக்கும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இந்த வகை மாத்திரைகள் நாளடைவில் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடும். பெயரும் உள்ளடக்கமும் அச்சிடாத பொடிகளை வாங்கவே கூடாது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாய் மறையும், எலும்பு உள்ளுக்குள் கரையும்.

தேய்மானம் அல்லாத வலிகள்

காலை இறுக்கம் அரை மணிக்குள் இளகினால் அது பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் கடந்தும் இரு கை விரல்களும் மடங்க மறுத்தால், விரல் கணுக்கள் வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலின் காவல் படையே மூட்டுச் சவ்வைத் தாக்கும் நோய் அது. இதற்குப் பழக்கம் மட்டும் போதாது. தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். 1823-ல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்து, 1964-ல் இன்றைய பெயரைப் பெற்ற ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில்தான் இருக்கிறது. இத்தகைய நோய்களுக்கென்றே அங்கு நோயெதிர்ப்பியல் துறை உண்டு. முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தின் பிறப்பில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் பங்கு பெரியது. அதை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நள்ளிரவில் கால் பெருவிரல் நெருப்பாய்ச் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலப் படிகங்களைச் சந்தேகிக்கலாம். பீர் குடிப்பது இந்த வலியை வரவழைக்கும் பழக்கங்களில் முக்கியமானது. இதற்குத் தரும் கோல்சிசின் என்ற மருந்தைப் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்தியேவும் காவந்துவும் 1820-ல் ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. விதைக்காகவே தமிழ்நாட்டில் அதைப் பயிரிடுகிறார்கள். கிழங்கோ கொடும் நச்சு, கைவைத்தியத்துக்கு ஆகாது.

மூன்றாவது வலி கொசுவால் வருகிறது. 2006-ல் இந்தியா முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிக்குன்குனியாவால் பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. காய்ச்சல் சில நாளில் போனது, மூட்டு வலியோ பலரிடம் மாதக்கணக்கில் தங்கியது. 1952-53-ல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மக்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர்தான் சிக்குன்குனியா. வலியில் உடம்பு வளைந்துபோவதைக் குறிக்கிறது. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுத் தொட்டியிலும் பூச்சட்டித் தட்டிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிக்கும். ஜிப்மருக்கு அருகே இந்திரா நகரில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம், சிக்குன்குனியா, டெங்கு நுண்ணுயிரிகளைத் தன் உடலில் பெருகவிடாத ஏடிஸ் கொசு வகைகளை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. வீட்டில் செய்ய வேண்டியது அதைவிட எளிது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவினால் போதும். காய்ந்த சுவரிலும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் முட்டைகள் அந்தத் தேய்ப்பில்தான் போகும்.

ஐப்பசி அடைமழையில் தொட்டியைத் தேய்க்கும் நாளிலேயே நாற்காலிப் பயிற்சியையும் தொடங்கிவிடலாம். தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும், அதற்குள் மார்கழி பிறந்துவிடும். அப்போது கோலப்பொடி டப்பாவோடு ஒரு குட்டி முக்காலியும் வாசலுக்கு வரட்டும். புள்ளியை நின்று குனிந்து வைத்துவிட்டு, வண்ணம் நிரப்பும்போது முக்காலியில் உட்காரலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, நாலு வீடு தள்ளி நடந்து, எதிர்வீட்டுக்காரர் என்ன கோலம் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை முடிக்கலாம்.